டார்ச் லைட்டுக்கு எதற்குக் காது?

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தங்கை எழுதும் கடிதம். இங்கே நான் சுகம், இடது கணுக்கால் மட்டும் முக்கால் சுகம். அங்கே நீயும் அத்தானும் உங்கள் வீட்டு மின்விசிறியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மின்விசிறியைக் கேலிக்காக விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் நாலு பேரும் வீடியோவில் பேசும்போது நீ போனை மேஜையில் மல்லாக்கப் போட்டுவிட்டுக் காய் நறுக்கப் போய்விடுவதால், இந்த இரண்டு வருடத்தில் உன் முகத்தை விட அதன் முகம்தான் எனக்கு அதிகம் பழகியிருக்கிறது. மூன்று இறக்கையில் ஒன்று சற்றுத் தொங்குகிறது. அத்தானிடம் சொல்லி முடுக்கச் சொல்.

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், என் போனில் இருக்கும் டார்ச் லைட்டுக்கு மைக்கைத் திறந்துவிட்டதுதான். பல் கூடத் தேய்க்கவில்லை. அது ஏன் என்று நீ கேட்பாய், அதற்குத்தான் வருகிறேன். முதலில் இரண்டு காரியங்களை முறையாகத் தெரிவித்துவிடுகிறேன். ஒன்று, போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் கையை ஆட்டி ஆட்டிக் காட்டியது கொசு விரட்டுவதற்காக அல்ல. இரண்டு, அண்ணன் முடிவு செய்தபடியே அடுத்த வாரம் வியாழக்கிழமை இந்த வீட்டைக் காலி செய்து, வேலையையும் விட்டுவிட்டு, அவர் வீட்டு மாடி அறைக்குப் போய்விடுகிறேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இல்லை என்று எல்லோரிடமும் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்காது. கேட்காது என்றால் கோபித்துக்கொண்டு சொல்கிற அர்த்தத்தில் இல்லை, உண்மையாகவே கேட்காது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம், இதற்கு மைக் தேவையில்லை.

ஆரம்பித்தது மெத்தையில். என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடமாகிறது, ஆனாலும் கட்டிலில் நான் என் பக்கத்தில் மட்டும்தான் படுக்கிறேன். அதனால் என் பக்கம் பள்ளமாகி, அவர் பக்கம் புதுசு போல மேடாக நிற்கிறது. ஒருநாள் விரிப்பு மாற்றும்போது, ‘ஒரு பக்கம் மட்டும் பள்ளமாயிடுச்சே’ என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்காதே. அவர் இருந்தபோது நான் எந்த அறையிலிருந்து எதைச் சொன்னாலும் அடுத்த அறையிலிருந்து ‘ம்’ என்று ஒரு சத்தம் வரும். காதில் விழுந்து சொன்னாரா, விழாமலே சொன்னாரா, கடைசி வரை நான் விசாரிக்கவில்லை. வரும், அவ்வளவுதான். இப்போது ‘ம்’ நின்றுவிட்டது, எனக்குப் பேசுகிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. மறுநாள் காலையில் போனைத் திறக்கிறேன், ஒரு விளம்பரம்: ‘உங்கள் மெத்தை ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகிறதா?’ அக்கா, ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் ‘ம்’ அது. இந்த இடத்தில் பயந்து போனேன் என்று எழுதுவதுதான் முறை. எழுதுகிறேன். பயந்து போனேன்.

நான் வேலை பார்க்கிற கிளினிக்கின் கீழ்த்தளத்தில் போன் பழுது பார்க்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டே இன்னொரு கண்ணால் வாடிக்கையாளரைப் பார்ப்பார், அதனால் நம்மைப் பாதிதான் நம்புகிறார் என்று தோன்றும். அவரிடம் கொண்டுபோய், இது என் வீட்டில் நான் பேசுவதை ஒட்டுக் கேட்கிறதா என்று கேட்டேன்.

‘‘ஒட்டுக் கேக்குதா, தற்செயலா வந்துச்சான்னு எனக்குத் தெரியாதுங்க மேடம். ஆனா நீங்க யார் யாருக்குக் காது குடுத்து வச்சிருக்கீங்கன்னு பார்த்துடலாம்’’ என்று வாங்கி, அமைப்புகள் என்கிற பக்கத்துக்குள் போய், தனியுரிமை என்கிற கதவைத் தட்டி, மைக் என்கிற அறையைத் திறந்தார். உள்ளே இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கால்குலேட்டர், காலண்டர், தினமும் எத்தனை அடி நடந்தேன் என்று எண்ணுவது, எப்போதோ ஒருமுறை பூச்செடி பெயர் கண்டுபிடிக்க இறக்கியது, அப்புறம் டார்ச் லைட்.

‘‘டார்ச் லைட்டுக்கு எதுக்கு மேடம் காது?’’

‘‘நான் குடுக்கலீங்களே.’’

‘‘அதுவா எடுத்துக்காது மேடம். வந்து கேட்டிருக்கும், நீங்க ‘அனுமதி’ன்னு அழுத்தியிருப்பீங்க.’’

‘‘கேட்டா குடுக்காம எப்படி?’’

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார். ‘‘மேடம், இனிமே எது வந்து கேட்டாலும் யோசிக்கவே யோசிக்காதீங்க. ‘அனுமதிக்காதே’. ஒரே அழுத்து. முதல்ல ரெண்டு நாள் ஒரு மாதிரியா இருக்கும், அப்புறம் பழகிடும்.’’

நாற்பத்தாறு வயதில் ஒருவர் எனக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார் என்றால் அது அவர்தான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இருபத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராக வெளியே அனுப்பினேன். ஒவ்வொன்றைத் தொட்டதும் மூன்று வழி காட்டுகிறது: பயன்படுத்தும்போது மட்டும், ஒவ்வொரு முறையும் கேள், அனுமதிக்காதே. எவ்வளவு நாகரிகம் பார். நம் வீட்டில் யாராவது நம்மிடம் இப்படி மூன்று வழி காட்டியிருக்கிறார்களா? கால்குலேட்டரை அனுப்பினேன், காலண்டரை அனுப்பினேன், டார்ச் லைட் வந்தபோது மட்டும் கை சற்று நின்றது. மின்சாரம் போனால் அதுதானே வரும் என்று ஒரு நன்றி. அதையும் அனுப்பிவிட்டு எழுந்தால், அக்கா, வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்தது. நேற்று வரைக்கும் அதே நிசப்தம்தான், ஆனால் நேற்று வரைக்கும் இருபத்து மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்த நிசப்தம். அடுப்படிக்குப் போய் ‘பால் பொங்கப் போகுது’ என்று சொல்ல வாயெடுத்து, யாருக்காக என்று நிறுத்திக்கொண்டேன். பால் பொங்கிவிட்டது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி, நம் வீடியோ நேரம். பொத்தானைத் தொட்டதும் போன் கேட்டது: ‘மைக்ரோஃபோனைப் பயன்படுத்த அனுமதிக்கவா?’ நான் யோசிக்கவே யோசிக்கவில்லை. கடைக்காரர் முகத்தை நினைத்துக்கொண்டு ‘அனுமதிக்காதே’ என்று அழுத்தினேன். அழுத்திய பிறகு ஒரு பெருமை வேறு. அடுத்த ஞாயிறும் கேட்டது, அடுத்த ஞாயிறும் மறுத்தேன். இரண்டு முறை மறுத்தால் அது அதற்குப் பிறகு கேட்பதே இல்லையாம். அவ்வளவு ரோஷம். நீங்கள் பேசுவது எனக்குக் கேட்டதால், நான் பேசுவது உங்களுக்கும் கேட்கிறது என்று நான் இருந்துவிட்டேன். காது பரிசோதனை செய்கிற இடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள் நான். இதை வெளியே சொல்லாதே.

முதல் ஞாயிறு நான் கிளினிக் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியதைச் சொன்னேன். அண்ணன் கேமராவைப் பார்த்துத் தலையாட்டி, ‘‘நல்லது, நல்லது’’ என்றார். தம்பி அவன் இருக்கிற தேசத்தில் எந்த நேரமானாலும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பான், அவன் வாய் நிறையச் சோற்றோடு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அன்றைக்கு நான் தூங்கவில்லை. கால் வலியால் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. இரண்டாவது ஞாயிறு கணுக்கால் சற்றுத் தேவலை என்று சொன்னேன். ‘‘அடடா’’ என்றார் அண்ணன். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அண்ணனுக்கு வயதாகிறது, ஒரு வாரம் தாமதமாகத்தான் விஷயம் போய்ச் சேர்கிறது என்று.

மூன்றாவது ஞாயிறுதான் அந்த ஞாயிறு. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார், நீயும் காய் நறுக்கிக்கொண்டே கேட்டிருப்பாய். ‘‘இவ எதுக்குத் தனியா அந்த ரெண்டு ரூமைக் கட்டிக்கிட்டு அழணும்? இங்க மாடி ரூம் சும்மாதானே கிடக்கு. அத்தைக்குக் காது சுத்தமா கேக்க மாட்டேங்குது, பகல்ல ஆள் வேணும். இவ காது டிபார்ட்மெண்ட். பொருத்தமா இல்ல?’’ அத்தை என்று அவர் சொன்னது அண்ணியின் அம்மாவை. அண்ணி பக்கத்திலிருந்து, ‘‘நம்ம வீட்டுப் பொண்ணு நம்ம வீட்ல இருந்தா நமக்கும் ஒரு தெம்புதானே’’ என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் வேதனை. கெட்ட மனசோடு சொல்கிறவர்களாக இருந்திருந்தால் பத்து வருடம் முன்பே கற்றிருப்பேன் ‘மாட்டேன்’ என்று சொல்ல.

அப்போது நான் பேசினேன், அக்கா. உனக்குத் தெரியும், நான் வீட்டில் பேசியவள் இல்லை. கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்பதிலிருந்து கல்யாணத்துக்கு எந்த நிறப் புடவை என்பது வரை என் வாயைத் திறக்கவிடாமல் நீங்களே நன்றாக முடிவு செய்து கொடுத்தீர்கள். அன்று பேசினேன். என் வேலை எனக்கு வேண்டும் என்றேன். இந்த இரண்டு அறையில் எந்த ஜன்னல் எந்த நேரத்தில் முனகும் என்று எனக்குத் தெரியும் என்றேன். கதவைத் திறந்து உள்ளே வரும்போது ஒருவரும் இல்லாமல் இருப்பது கஷ்டம்தான், ஆனால் என் சாவியைப் போட்டு நான் திறக்கிறேன், இன்னொருவர் வீட்டு அழைப்பு மணியை அடித்துவிட்டு நிற்க என்னால் முடியாது என்றேன். அவர் பக்கத்து மெத்தையைக் கூடச் சொன்னேன். அழுதேன். கையை ஆட்டினேன். பதினோரு நிமிடம். பேசி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறேன். அண்ணி, ‘‘உங்க வீட்ல கொசு ஜாஸ்தியா?’’ என்றாள். தம்பி தண்ணீர் குடித்தான். உன் மின்விசிறி சுற்றியது. அண்ணன், ‘‘சரி, எல்லாருக்கும் சம்மதம். நான் லாரிக்குச் சொல்லிடுறேன்’’ என்று திரையை அணைத்துவிட்டார்.

அந்த இரண்டு நாள் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத மாட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொசுவைப் பற்றிக் கேட்டார்கள் என்று நான் நம்பியிருந்த இரண்டு நாள் அவை. அவ்வளவு போதும்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் அளவு நாடாவோடு வந்து நின்றார். அண்ணன் அனுப்பிய லாரிக்காரர். பீரோவை அளந்தார், மேஜையை அளந்தார், கட்டிலருகே போய் மெத்தையின் மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துவிட்டு மரியாதையாக நாடாவைச் சுருட்டிக்கொண்டார். ‘‘எத்தனை பேரும்மா குடித்தனம்?’’

‘‘நான் மட்டும்தான்.’’

‘‘அப்ப பாதி லாரி போதும். மீதிப் பாதியில வேற யாரோட சாமானையாவது ஏத்திக்கிறோம், உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?’’

என் வாழ்க்கை பாதி லாரி என்று சொன்னதில் எனக்கு ஆட்சேபணை உண்டா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார். நான் அண்ணனை வீடியோ இல்லாமல் சாதாரணமாகப் போனில் கூப்பிட்டேன். அதற்கு மைக் இருந்தது, அதை மட்டும் கடைக்காரர் தொடவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

‘‘அண்ணா, ஞாயித்துக்கிழமை நான் அவ்வளவு சொன்னேனே?’’

‘‘என்ன சொன்ன? நீ வாயே திறக்கலையே.’’

‘‘திறந்தேனே அண்ணா!’’

‘‘திறந்த, பார்த்தேன். கொட்டாவின்னு நினைச்சேன்.’’

‘‘பதினோரு நிமிஷமா யாராவது கொட்டாவி விடுவாங்களா?’’

‘‘வேலை அலுப்புன்னு நினைச்சோம்மா. கண்ணுல தண்ணி வேற வந்துச்சு. உங்க அண்ணி கூட பாவப்பட்டா, சீக்கிரம் கூட்டிட்டு வந்துடுங்கன்னு. சரி, நான் ஒரு மீட்டிங்ல இருக்கேன், ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம். லாரி புக் ஆயிடுச்சு.’’

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். என்னிடம் இருந்தது ஒரு தடவைக்கான தைரியம், அக்கா. நாற்பத்தாறு வருடம் சேர்த்ததை மொத்தமாக எடுத்து அடைத்திருந்த மைக்குக்குள் கொட்டிவிட்டேன். நேராகப் போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, ‘‘நீங்கதானே மேடம் வீடியோ கால் ஆப்புக்கு மைக்கை அடைச்சிருக்கீங்க’’ என்றார்.

‘‘எது வந்து கேட்டாலும் வேண்டாம்னு அழுத்தச் சொன்னீங்களே?’’

‘‘குடும்பத்துக்குமா சொன்னேன்? ஏன் மேடம், ஒருத்தர் கூடவா ‘உங்க சத்தம் வரலை’ன்னு சொல்லலை?’’

அவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டது வேலைக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். பிறகு, ‘‘திறந்து தரட்டுமா?’’ என்றார். நானே திறந்துகொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். திறக்கவில்லை. இதுதான் நான் செய்த குற்றம், உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் திறக்கவில்லை என்பதற்கு என் வேலையைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். நீ ஊரெல்லாம் ‘என் தங்கை காது டாக்டர்’ என்று சொல்லிக்கொண்டு திரிவதால் திருத்தியும் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சின்னச் சின்னச் சத்தங்களை அனுப்புகிறவள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் அழுத்தக் கூடாது, இவ்வளவுதான். ஆனால் மனிதர்களுக்கு அழுத்தாமல் இருக்க முடிவதில்லை. அழுத்தாவிட்டால் தோற்றுவிட்டோம் என்று நினைக்கிறார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார், இரண்டு விநாடிக்கு ஒருமுறை டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் அழுத்திக்கொண்டே இருந்தார். கேட்கிறதா, சும்மா அழுத்துகிறாரா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வழி உண்டு: சத்தத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. ஒரு நிமிடம் முழுக்க நிறுத்தினேன். அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். ‘‘சார், நான் இன்னும் சத்தமே அனுப்பலை’’ என்றேன். ‘‘அப்படியா? எனக்கு நல்லாக் கேட்டுச்சேம்மா’’ என்றார். பொய் சொல்லவில்லை அவர். உண்மையாகவே அவருக்கு ஏதோ கேட்டிருக்கும்.

போன ஞாயிறு நான் உங்களுக்கு அந்தப் பரிசோதனையைத்தான் செய்தேன். மைக் அடைத்தபடியே உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் கிளினிக் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்தேன். முதல் தடவை, ‘அண்ணா, நான் சொல்வது கேட்கிறதா?’ என்று அசைத்தேன். அண்ணன், ‘‘அதேதான், அதைத்தான் நானும் சொல்றேன்’’ என்றார். சத்தமில்லாத இடத்தில் பட்டனை அழுத்துகிறவர்களுக்குப் போடுகிற வட்டம் ஒன்று போட்டேன். இரண்டாவது, ஒன்று இரண்டு மூன்று என்று இருபது வரை எண்ணினேன். தம்பி பலமாகச் சிரித்தான், ‘‘நீ இன்னும் மாறவே இல்லக்கா’’ என்றான். அவனுக்கு ஒரு வட்டம். மூன்றாவது, போன் கடைக்காரரின் விலாசத்தைச் சொன்னேன். அண்ணி, ‘‘நீங்க சொன்னா சரிதான்’’ என்றாள். வட்டம். எனக்கே சிரிப்பு வந்தது, அக்கா. கண்டக்டர் சாரைப் பார்த்து வந்த அதே சிரிப்பு. மூன்று வட்டம் வரைக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

நாலாவதாக நான் ஒன்றும் அசைக்கவில்லை. களைத்துப்போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மாடி அறையில் எந்தப் பக்கம் கட்டில் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார். அப்போது உன் மின்விசிறிக்குக் கீழேயிருந்து உன் குரல் வந்தது.

‘‘அவ எங்க? இருக்காளா?’’

‘‘இருக்கா, இருக்கா. படம் தெரியுது’’ என்றார் அண்ணன்.

‘‘படம் தெரிஞ்சா ஆச்சா? சத்தத்தையே காணோமே ஒரு மாசமா’’ என்று நீ முனகினாய். அண்ணன் கட்டில் பேச்சைத் தொடர்ந்தார். உன் கத்தி பலகையில் மறுபடி தட்ட ஆரம்பித்தது.

நான் ‘இருக்கேன்க்கா’ என்று சத்தமாகச் சொன்னேன். பெரிதாகவே சொன்னேன், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டில் கேட்டிருக்கும். உனக்குக் கேட்டிருக்காது, என் தவறுதான். ஆனால் படிவத்தில் உன் இடத்தை நான் காலியாக விட்டிருக்கிறேன் என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த மூன்று பேருக்கும் இல்லாத என் குரல் கேட்டது. கூரையைக் காட்டிக்கொண்டிருந்த உனக்கு மட்டும் என் குரல் இல்லை என்பது கேட்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் உனக்கு. கொசு விஷயமும் இதோடு முடிந்தது.

மற்றபடி, யோசித்துப் பார்த்ததில் அண்ணன் வீட்டுக்குப் போவதே சரி என்று எனக்கும் தோன்றுகிறது. அங்கே சத்தம் இருக்கும். குழாய் திறக்கிற சத்தம், படி ஏறுகிற சத்தம், அண்ணன் டிவியோடு சண்டை போடுகிற சத்தம். இங்கே இருபத்து மூன்று பேரையும் அனுப்பிய பிறகு எனக்கென்று என்ன இருக்கிறது? இன்று காலை விழித்துக்கொண்டு கிடந்தபோது, அந்த டார்ச் லைட்டாவது கேட்டுக்கொண்டு போகட்டுமே என்று தோன்றிவிட்டது. எழுந்து அதற்கு மட்டும் காதைத் திருப்பிக் கொடுத்தேன். என் ரகசியத்தை அது யாரிடம் விற்றுவிடப் போகிறது? வாங்குகிறவர்களுக்குத்தான் நஷ்டம். இந்த நிலைமைக்கு வந்தவள் மாடி அறைக்குப் போவதுதான் மரியாதை. கிளினிக்கில் நாளைக்குச் சொல்லிவிடுவேன். மேஜை உனக்கு வேண்டுமானால் எழுது, பாதி லாரியில் அதை உங்கள் வீட்டு வழியாக இறக்கச் சொல்கிறேன். அண்ணனிடம் எனக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லை என்று சொல். அண்ணியிடம் இங்கே கொசு இல்லை என்று சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் ஹெட்போனில் பாட்டுக் கேட்பதைக் குறைத்துக்கொள்ளச் சொல், சொல்வது தங்கை இல்லை, கிளினிக். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல், கேட்க வேண்டியது கேட்டு, கேட்க வேண்டாதது காதில் விழாமல், பல்லாண்டு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்

உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: மடித்து உறையில் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். டார்ச் லைட்டுக்குத்தான். உண்மையில் அது கேட்டதோ இல்லையோ, நான் கேட்டேன். ‘அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை’ என்று வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், சத்தமே இல்லாத இடத்தில் பட்டனை அழுத்துகிறவர்களை எனக்குத் தெரியாதா? மேலே எழுதியிருக்கிற இரண்டாவது காரியத்தை நீயே அடித்துவிடு. நான் அடிக்கலாம், தாள் அசிங்கமாகிவிடும். கிளினிக்கில் நாளைக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. மேஜை கிடைக்காது. நான் போகவில்லை. இங்கே தனிமையாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தால் எல்லோரும் என் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதை விட இங்கே ஒருவரும் இல்லாமல் இருப்பது எனக்குத் தாங்கும். அண்ணியின் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்து வரட்டும், நானே பரிசோதித்து, கருவி பொருத்தி, பழக்கியும் விடுகிறேன். லாரிக்காரரிடம் திங்கட்கிழமை பேசிக்கொள்கிறேன், அந்த மீதிப் பாதி யாருடையதோ அவர்களுக்கு முழு லாரி கிடைக்கட்டும். வீடியோவுக்கு மைக்கைத் திறந்து ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று வைத்துவிட்டேன். அண்ணனை ‘ஒவ்வொரு முறையும் கேள்’ என்பதில் வைத்திருக்கிறேன், அவருக்கு இன்னும் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது, டார்ச் லைட்டைத் தவிர. வருகிற ஞாயிறு நாலு மணிக்கு ஒரே ஒரு நிமிடம் காயை ஒதுக்கிவிட்டு, போனை எடுத்து நிமிர்த்தி வைத்துக்கொள். இந்தத் தடவை பதினோரு நிமிடம் இல்லை, ஒரே வார்த்தைதான் சொல்லப் போகிறேன். கேட்டால் கையைத் தூக்கு. கேட்காவிட்டால் எனக்காகப் பொய்யாகத் தூக்காதே. இன்னும் சத்தமாகச் சொல்கிறேன்.